குறும்படத்தில் குழந்தையின் இழவுத்துயர்: கையறுநிலை மரபும் திருக்கோஷ்டியூர்க் களமும்

ஆய்வுச் சுருக்கம்

நெருங்கிய உறவைச் சாவில் இழந்த குழந்தையைப் பற்றிய குறும்படத்தில், அக்குழந்தையின் கண்ணீரை அண்மைக் காட்சியில் காட்டுவதே எளிய வழியாகக் கொள்ளப்படுகிறது. குழந்தையின் துயர் அழுகையில் மட்டும் அமைவதன்று என்பதையும், பொருள், கால இடைவெளி, உடைமை, இன்மை ஆகியவற்றின் வழி அதனை உணர்த்தும் முறை தமிழ் மரபிலேயே உண்டு என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், புறநானூற்றின் இரு பாடல்கள், குழந்தை உளவியல் ஆய்வுகள், தேர்ந்த திரைப்படங்கள் ஆகியவற்றின் துணைகொண்டு, திருக்கோஷ்டியூர் மாசித் தெப்பத்தைக் களமாகக் கொண்ட ஒரு கதைவரைவு இங்கு முன்வைக்கப்படுகிறது. கவிதையியலுக்குப் பொருந்தும் இம்முறையே நடிக்கும் குழந்தையைக் காக்கும் முறையாகவும் அமைகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: குறும்படம், இழவு, கையறுநிலை, மெய்ப்பாடு, குழந்தை நடிகர், திருக்கோஷ்டியூர்.

1. முன்னுரை

தமிழில் குழந்தைமை பெரிதும் பிறரால் விளிக்கப்படும் குழந்தைமையாகவே அமைந்துள்ளது. தாலாட்டில் தாய் பாடுகிறாள், குழந்தை கேட்கிறது. பிள்ளைத்தமிழில் புலவர் பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாக்கிப் பருவந்தோறும் போற்றுகிறார். பெரியாழ்வார் கண்ணனின் பிறப்பைத் திருக்கோஷ்டியூரில் நிகழ்ந்ததாகவே பாடி, ஊரார் அடைந்த களிப்பை விரித்துரைக்கிறார். இவை அனைத்திலும் குழந்தை காணப்படும் பொருளே அன்றிக் காணும் தன்மையுடையதாக இல்லை.

சாவு வீட்டிலும் இதே நிலையே. ஒப்பாரி பெரியவர்களின் வடிவம். அதனைப் பாடுவோர், மறைந்தவரை முன்னிலைப்படுத்தித் தம் இழப்பை ஒழுங்குபட்ட சொற்களில் வெளிப்படுத்துவர். குழந்தைக்கு அத்தகைய வடிவம் எதனையும் மரபு வழங்கவில்லை. ஆண்பிள்ளையாயின் பெரியவர் ஒருவர் கைபிடித்து நடத்தச் சடங்கில் பங்கேற்பான். பெண்பிள்ளைகள் சுடுகாட்டுக்குச் செல்லாத வழக்கம் பரவலாக இருப்பதால், அவள் வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறாள். இறந்தவர் எங்கே கொண்டுசெல்லப்பட்டார், அங்கு என்ன நிகழ்ந்தது என்பன அவளுக்குச் சொல்லப்படாமலே போகக்கூடும்.

இத்தகைய குழந்தையைக் குறும்படத்தின் நடுவில் நிறுத்தும்போது இரு வினாக்கள் எழுகின்றன. சொல்வடிவம் பெறாத துயரை எவ்வாறு காட்சியாக்குவது? அதனைக் காட்சியாக்குவதற்காக மற்றொரு குழந்தையை, அதாவது நடிக்கும் குழந்தையை, துயருறச் செய்யலாமா? இவை தனித்தனி வினாக்களாகத் தோன்றினும், இவற்றுக்கான விடை ஒன்றே என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

2. இழவும் அழுகையும்

தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் ‘இழவு’ என்பதனை ஒன்றாக வைக்கிறார். தாய் தந்தை முதலிய சுற்றத்தாரை இழத்தலும், இன்பம் தரும் நுகர்பொருள்களை இழத்தலும் இதன்கண் அடங்கும் என்பது உரையாசிரியர் கருத்து. இன்றைய வழக்கில் ‘இழவு வீடு’ என்பது சாவு வீட்டையே குறிக்குமாறு சொல்லின் பொருள் சுருங்கிவிட்டது. எனினும், ஆளை இழத்தலையும் பொருளை இழத்தலையும் ஒரே சொல்லின்கீழ் வைத்த பழைய பொருள் குழந்தையைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவும். தாயை இழந்த குழந்தை, தலைவாரிவிடும் கையையும், பள்ளிக்குக் கொண்டுசெல்லும் சோற்றின் சுவையையும், இரவில் கேட்ட குரலையும் தனித்தனியாக இழக்கிறது. ஒரே சாவு அதற்குப் பல இழவுகளாக வெவ்வேறு நாள்களில் வந்துசேர்கிறது.

மெய்ப்பாடு என்பதற்குச் செயிற்றியம் தரும் விளக்கமும் இவ்விடத்தில் கருதத்தக்கது. நிகழ்த்துவோன் செய்தது காண்போரைச் சென்று சேர்வதே மெய்ப்பாடு என்பது அந்நூற் கருத்து. இதன்படி மெய்ப்பாடு நிறைவுறும் இடம் காண்போரின் உள்ளமே. நடிப்பவர் அழுதாக வேண்டும் என்பது இவ்விளக்கத்தின் கட்டாயம் அன்று.

திரைப்படத் தொகுப்பின் தொடக்ககால ஆய்வு ஒன்று இதனோடு ஒத்துச் செல்கிறது. ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், நடிகர் ஒருவரின் உணர்ச்சி வெளிப்படாத முகத்தை வெவ்வேறு காட்சிகளுடன் இணைத்துக் காட்டினார். உணவுத் தட்டு, சவப்பெட்டியில் கிடத்தப்பட்ட பெண், விளையாடும் சிறுமி ஆகிய காட்சிகளுக்கு அடுத்து வந்த அதே முகத்தில், காண்போர் வெவ்வேறு உணர்ச்சிகளைக் கண்டனர் எனப் புடோவ்கின் குறிப்பிடுகிறார். முகத்தில் இல்லாத துயரைத் தொகுப்பின் வழி காண்போரே படைத்துக்கொண்டனர்.

3. புறநானூறு காட்டும் இரு வழிகள்

3.1 உடைமையும் இன்மையும்

பாரி மகளிர் பாடிய 112 ஆம் புறப்பாட்டு கையறுநிலைத் துறையைச் சார்ந்தது. பாரியின் பறம்பு இன்றைய பிரான்மலை எனக் கொள்ளும் மரபு உண்டு. பிரான்மலையும் திருக்கோஷ்டியூரும் இன்று ஒரே சிவகங்கை மாவட்டத்தில் உள்ளன. கபிலர் அம்மகளிர்க்கு மணம் வேண்டி வேளிரிடம் சென்றதைப் பிற பாடல்கள் கூறுவதால், அவர்களைச் சிறுகுழந்தையர் எனக் கொள்ள இயலாது. ஆயினும், தந்தையை இழந்த மக்கள் தம் குரலிலேயே அவ்விழப்பை உரைப்பதால், நம் ஆய்வுக்கு இப்பாடல் முதன்மைச் சான்றாகிறது.

இந்த ஐந்தடிப் பாடலில் அழுகையைக் குறிக்கும் சொல் ஒன்றேனும் இல்லை. கடந்த நிலாநாளில் தந்தையும் இருந்தார், குன்றும் தம்மிடம் இருந்தது. இந்த நிலாநாளில் குன்றும் போயிற்று, தந்தையும் இல்லை. பாடலின் பொருள் இவ்வளவே. இதன் கட்டமைப்பில் மூன்று கூறுகள் கவனத்திற்குரியன. முதலாவது, நிலவு மாறவில்லை. அதனைக் காண்போரின் உலகம் மாறிவிட்டது. மாறாத ஒன்றை அளவுகோலாக வைத்தே மாற்றம் அளக்கப்படுகிறது. இரண்டாவது, துயர் உணர்ச்சிச் சொல்லால் அன்றி, உடைமையும் இன்மையும் குறிக்கும் சொற்களால் உரைக்கப்படுகிறது. மூன்றாவது, வைப்புமுறை தலைகீழாகிறது. முற்பகுதியில் தந்தை முன்னும் குன்று பின்னுமாக வர, பிற்பகுதியில் குன்று முன்னும் தந்தை பின்னுமாக வருகின்றனர். தந்தையின்மையே பாடலின் கடைசிச் செய்தி. அதன்பின் ஆறுதல் மொழி எதுவும் இல்லை.

3.2 அழுகை மறந்த சிறார்

46 ஆம் பாட்டு வேறொரு நுட்பத்தைக் காட்டுகிறது. மலையமானின் சிறுவர்களை யானைக்காலில் இடத் துணிந்த கிள்ளிவளவனை நோக்கிக் கோவூர் கிழார் பாடியது அது. அழுதுகொண்டிருந்த அச்சிறுவர்கள் யானையைக் கண்டதும் தம் அழுகையை மறந்து, மன்றத்தை மருண்டு நோக்கி, முன் அறியாத புதிய வருத்தம் உடையவராயினர் என்கிறார் புலவர்.

இச்சிறுவர்கள் இழவுத்துயரில் இருப்பவர் அல்லர்; தம் சாவையே அறியாது எதிர்கொண்டவர்கள். எனினும், குழந்தையின் உணர்ச்சி இடையறாது ஓடுவதன்று, புதியதொன்றைக் கண்டதும் அது திசைமாறும் என்பதைப் புலவர் கண்டு பதிவு செய்துள்ளார். அழுகை நின்றதனால் துயர் நீங்கிவிடவில்லை. அழுகை நின்ற அக்கணமே கேட்போர்க்கு மிகுந்த துயரை விளைவிக்கிறது. வேந்தன் முன் புலவர் வைத்த வழக்கின் வலிமையும் அதுவே.

4. உளவியல் ஆய்வுகள் தரும் ஒளி

குழந்தைகள் சாவைப் புரிந்துகொள்ளும் முறை குறித்து ஹங்கேரி நாட்டுக் குழந்தைகளிடம் மரியா நாகி மேற்கொண்ட ஆய்வு 1948 இல் வெளியாயிற்று. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் சாவை ஒரு பயணமாகவோ உறக்கமாகவோ கருதுகின்றனர். ஐந்து முதல் ஒன்பது வயது வரை அதனை ஓர் ஆளாக உருவகித்துக்கொள்வோர் உண்டு. ஒன்பது வயதையொட்டியே அது எவராலும் தவிர்க்க இயலாதது எனத் தெளிகின்றனர் என அவர் வகுத்தார். பின்னர் மார்க் ஸ்பீஸ், சாண்டர் பிரென்ட் ஆகியோர் 1984 இல், மீளாமை, உடற்செயல் ஒழிதல், அனைவர்க்கும் உரியதாதல் என்னும் மூன்று கூறுகளாக இப்புரிதலைப் பகுத்தனர். இக்கூறுகள் பல குழந்தைகளிடம் ஐந்து வயது முதல் ஏழு வயதிற்குள் அமைகின்றன என்பது அவர்தம் கருத்து.

டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர் 1996 இல் தொகுத்து வெளியிட்ட நூல் மற்றொரு திருப்பத்தை ஏற்படுத்தியது. இறந்தவரோடு கொண்ட பிணைப்பை அறுத்துக்கொள்வதே துயர் நீங்கும் வழி என்ற முந்தைய கருத்தை மறுத்து, அப்பிணைப்பு வேறு வடிவில் தொடர்வது இயல்பு என அது வாதிட்டது. பெற்றோரை இழந்த குழந்தைகள் அவர்தம் பொருள்களைப் பாதுகாப்பதும், அவர்களோடு பேசுவதும், அவர்கள் தம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைப்பதும் இத்தொடர் பிணைப்பின் வடிவங்கள்.

குறும்பட ஆக்கத்திற்கு இவற்றால் இரு பயன்கள் உண்டு. கதைமாந்தராகிய குழந்தையின் வயதைத் திட்டவட்டமாக வரையறுத்தல் வேண்டும். நான்கு வயதுக் குழந்தையின் வினாவை எட்டு வயதுக் குழந்தையின் வாயில் வைத்தால் அது பொய்யாகிவிடும். இறந்தவரின் பொருளைத் தூக்கி எறிந்து ‘மீண்டெழுதல்’ என்னும் முடிவும் கட்டாயமன்று.

5. திரைப்படச் சான்றுகள்

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) இத்துறையில் முன்னோடிச் சான்று. தமக்கை துர்க்கா இறந்தபின் சிறுவன் அப்பு தானே பல் துலக்குகிறான், தானே தலைவாரிக்கொள்கிறான், வெளியே புறப்பட்டு, வானத்தைப் பார்த்துத் திரும்பிச் சென்று குடையை எடுத்துக்கொள்கிறான். பிறர் செய்துவந்தவற்றைத் தானே செய்யும் நிலைக்கு அவன் வந்துவிட்டான் என்பதே இழப்பின் அளவு. தாயின் கதறலுக்கு மாற்றாகத் தார்செனாய் இசை ஒலிக்கிறது. இறுதியில், துர்க்கா திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட மாலையைக் கண்டெடுக்கும் அப்பு, அதனைக் குளத்தில் எறிகிறான். விலகிய பாசி மீண்டும் மூடிக்கொள்கிறது. அவன் அழுவதில்லை. தமக்கையின் மானத்தைக் காப்பதே அவன் துயரின் செயல்வடிவம். இதனையும் தொடர் பிணைப்பாகவே கொள்ளலாம்.

தமிழில் பாலு மகேந்திராவின் ‘அழியாத கோலங்கள்’ (1979) குறிப்பிடத்தக்கது. மூன்று சிறுவர்களின் நட்பைச் சித்திரிக்கும் அப்படத்தில் ஒருவன் நீரில் மூழ்கி இறக்கிறான். ஆனால் கதை முழுவதும், ஆசிரியை இறந்த செய்தியைக் கடிதத்தில் படிக்கும் வளர்ந்த ஒருவனின் நினைவாகவே விரிகிறது. எனவே குழந்தையின் துயர் பெரியவரின் நினைவுச் சட்டகத்திற்குள் வைக்கப்பட்டே நம்மை அடைகிறது. நினைவின் அழகு அதனை மென்மையாக்குகிறது. அச்சட்டகத்தை நீக்கி, குழந்தையின் நிகழ்காலத்திலேயே நிற்பது குறும்படத்திற்கு இயலும். நீண்ட கதைப்பின்னலும் விளக்கமும் தேவைப்படாமை அதன் வடிவம் தரும் வாய்ப்பு.

பிரெஞ்சு இயக்குநர் ஜாக் துவாயோனின் ‘போனெத்’ (1996) தாயை இழந்த நான்கு வயதுச் சிறுமியை மையமாகக் கொண்டது. அதில் நடித்த விக்துவார் திவிசோல் என்னும் சிறுமிக்கு வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருது வழங்கப்பட்டது. அதனோடு, அவ்வளவு இளங்குழந்தையை அத்தகைய துயரை நடிக்கச் செய்தல் தகுமா என்ற விவாதமும் எழுந்தது. படத்தின் சிறப்பை ஏற்போரும் இவ்வினாவைப் புறந்தள்ள இயலாது.

6. திருக்கோஷ்டியூர்க் களம்: ஒரு கதைவரைவு

திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை செல்லும் சாலையில் அமைந்த திருக்கோஷ்டியூர், நூற்றெட்டு வைணவத் திருப்பதிகளுள் ஒன்று. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் இராமானுசர் மந்திரப் பொருள் கேட்டு, அதனை யாவரும் அறிய வெளிப்படுத்திய வரலாற்றால் இவ்வூர் பெரிதும் அறியப்படுகிறது. சௌமியநாராயணப் பெருமாள் கோயிலின் மாசித் தெப்பத் திருவிழாவில் விளக்கு நேர்த்தி சிறப்பிடம் பெறுகிறது. வேண்டுதல் உடையோர் தெப்பக்குளக் கரையிலிருந்து ஒரு விளக்கை வீட்டுக்கு எடுத்துச் சென்று வைத்து வழிபடுவர். வேண்டுதல் நிறைவேறியபின் மாசித் தெப்பத்தின்போது அதனைக் கரைக்குக் கொண்டுவந்து ஏற்றுவர்.

ஓராண்டு இடைவெளியில் திரும்பும் இவ்வழக்கம், புறநானூற்று நிலவைப் போன்றதோர் அளவுகோலாக அமையக்கூடியது. பின்வரும் கதைவரைவு எடுத்துக்காட்டிற்காக இங்கு அமைக்கப்படுகிறது.

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தாய், சென்ற மாசியில் குளக்கரையிலிருந்து ஒரு விளக்கை எடுத்துவந்து வீட்டு மாடத்தில் வைக்கிறாள். இடையில் அவள் இறந்துவிடுகிறாள். அடுத்த மாசி நெருங்குகிறது. தாய் என்ன வேண்டிக்கொண்டாள் என்பது வீட்டில் எவர்க்கும் தெரியாது. வேண்டுதல் நிறைவேறியதா என்பது தெரியாதபோது விளக்கைத் திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா? சிறுமி அப்பத்தாவைக் கேட்கிறாள். “இந்த வருசம் நமக்குத் தெப்பம் இல்லைத்தா” என்பதே விடை. சாவு நிகழ்ந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகைகளைத் தவிர்க்கும் வழக்கத்தை அப்பத்தா சொல்கிறாள். சிறுமியின் வினாவோ வேறு.

இக்கதையில் சிறுமிக்கு உள்ள சிக்கல் உண்மையானது. விளக்கைக் கொடுத்துவிட்டால் தாய் தொட்ட பொருள் வீட்டைவிட்டு நீங்கும். கொடுக்காவிட்டால் தாயின் சொல் நிறைவேறாமல் நிற்கும். எட்டு வயதில் சாவின் மீளாமையை அவள் அறிந்திருப்பாள். ஆதலால் ‘அம்மா எப்போது வருவாள்’ என்னும் வினா இங்கு பொருந்தாது. அவளுக்கு எஞ்சியிருப்பது தாயின் சார்பில் முடிக்கவேண்டிய ஒரு செயல் மட்டுமே.

காட்சியாக்கத்தில் நான்கு நெறிகளைக் கடைப்பிடிக்கலாம்.

அ) ஒளிப்பதிவுக் கருவியின் உயரம் சிறுமியின் கண்மட்டத்தில் அமைதல் வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் முகப்பும் வளவும் பட்டாலையும் திரைப்படங்களில் பெரும்பாலும் செல்வச் செழிப்பின் பின்புலமாகவே காட்டப்பட்டுள்ளன. சிறுமியின் கண்மட்டத்திலிருந்து காணும்போது தூண்களின் அடிப்பகுதியும், பெரியவர்களின் கால்களும், எட்டாத உயரத்தில் உள்ள மாடமுமே சட்டகத்திற்குள் வரும். வீட்டின் அழகு பின்னே சென்று, அவளுக்கும் விளக்குக்கும் இடையிலுள்ள தொலைவு முன்னே வரும்.

ஆ) ஒப்பாரியைக் காட்சியாகக் காட்டாது, சிறுமி இருக்கும் அறையின் சுவருக்கு அப்பாலிருந்து ஒலியாக மட்டும் கேட்கச் செய்யலாம். சொற்கள் தெளிவாகக் கேளாமையே பெரியவர்களின் துயர்வடிவத்திற்கும் அவளுக்கும் உள்ள இடைவெளியை உணர்த்தும்.

இ) துயர் இடையறுந்து வருதல் வேண்டும். சாவு வீட்டிலேயே அவள் தெருப்பிள்ளைகளோடு சில்லு விளையாடலாம், சிரிக்கலாம். 46 ஆம் புறப்பாட்டு காட்டும் உண்மை இது. இதனை உணர்ச்சியின்மை எனக் கருதி நீக்கிவிடலாகாது.

ஈ) முடிவு இன்மையில் அமைதல் வேண்டும். தெப்ப நாள் மாலை, தொலைவில் குளக்கரையெங்கும் விளக்குகள். அடுத்து வீட்டு மாடம்: அங்கே விளக்கு இல்லை, அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையின் வட்டம் மட்டும் உள்ளது. அவள் எப்போது சென்றாள், எவர் உடன் சென்றார் என்பன காட்டப்படவேண்டியதில்லை. பாரி மகளிர் பாட்டைப் போல, கடைசிச் செய்தி ‘இல்லை’ என்பதே. அதற்குமேல் பெரியவர் ஒருவரின் ஆறுதல் உரையைச் சேர்த்தால், கதை மீண்டும் பெரியவர் கைக்குச் சென்றுவிடும்.

7. நடிக்கும் குழந்தை: சட்டமும் அறமும்

குழந்தைத் தொழிலாளர் தொடர்பான 1986 ஆம் ஆண்டுச் சட்டம் 2016 இல் திருத்தப்பட்டது. அதற்கேற்ப விதிகள் 2017 இல் திருத்தப்பட்டன. அவ்விதிகளின்படி, குழந்தையை நடிக்கவைக்கும் தயாரிப்பாளர் படப்பிடிப்பு நிகழும் மாவட்டத்தின் நடுவரிடம் முன்னிசைவு பெறுதல் வேண்டும். குழந்தை நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றி 3 மணி நேரத்திற்கு மேலும் பணிபுரிதல் கூடாது. தொடர்ந்து 27 நாள்களுக்கு மேல் ஈடுபடுத்தலாகாது. வருவாயில் குறைந்தது 20 விழுக்காடு, நாட்டுடைமையாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாக இடப்படல் வேண்டும். குழந்தையின் விருப்பத்திற்கு மாறாக அதனை ஈடுபடுத்தவும் இயலாது. குறும்படம் சிறிய முயற்சி என்பதால் இவை பொருந்தா எனக் கருதுவது தவறாகும்.

சட்டம் நேரத்தையும் ஊதியத்தையும் வரையறுக்கிறது. குழந்தையை எவ்வாறு அழவைப்பது என்பதனை வரையறுப்பது படைப்பாளியின் அறம். அழவேண்டும் என்பதற்காக ‘உன் அம்மா இறந்துவிட்டதாக நினைத்துக்கொள்’ என்று ஒரு குழந்தையிடம் கூறுவது, அதன் உண்மையான அச்சத்தைக் கருவியாக்குவதாகும். நடிப்பு எது, உண்மை எது என்னும் எல்லை குழந்தையிடம் உறுதிப்படாதது.

மேற்கூறிய கதைவரைவு இதற்கு இடம் தரவில்லை. சிறுமிக்குத் தரப்படுவன உணர்ச்சிகள் அல்ல, செயல்கள். மாடத்தை எட்ட மணைப்பலகையை நகர்த்துதல், விளக்கின் கரியைத் துடைத்தல், திரியைத் திரித்தல் என்பன எந்தக் குழந்தையும் ஈடுபாட்டோடு செய்யக்கூடியவை. ‘பதேர் பாஞ்சாலி’ படப்பிடிப்பில் அப்புவாக நடித்த சிறுவனின் நடை இயல்பாக அமையாதபோது, ராய் வழியில் சிறு குச்சிகளைப் போட்டு அவற்றைத் தாண்டி வரச் செய்தார். இடையிடையே மறைந்திருந்தவர்களைக் கொண்டு அவன் பெயரைக் கூப்பிடச் செய்தார். தேடித் தயங்கும் நடை அவ்வாறே கிடைத்தது. துயரை விளக்காமலே அவனிடமிருந்து பெறவேண்டியதைப் பெற்ற முறை அது.

தெப்பத் திருவிழாவின் கூட்டத்தையும் இரவையும் கோயில் நிர்வாகத்தின் இசைவோடு தனியே பதிவு செய்துகொள்ளலாம். சிறுமியைக் கூட்டத்திற்குள் நள்ளிரவு வரை நிறுத்தவேண்டியதில்லை. அவளது காட்சிகளைப் பகலில், வீட்டிற்குள், குறைந்த நேரத்தில் எடுத்து முடிக்கலாம். இரண்டையும் இணைப்பது படத்தொகுப்பு. அவள் முகத்தில் இல்லாத துயரைக் குளக்கரை விளக்குகளும் வெறுமையான மாடமும் காண்போர் உள்ளத்தில் எழுப்பும்.

8. முடிவுரை

இழவு என்பது குழந்தையைப் பொறுத்தவரை பல சிறு இன்மைகளின் தொகுதி. இவற்றைப் பொருள்களின் வழியாகவே காட்ட இயலும். மாறாத ஒன்றை அளவுகோலாக வைத்து உடைமையையும் இன்மையையும் எதிரெதிர் நிறுத்தும் 112 ஆம் புறப்பாட்டின் கட்டமைப்பு, குறும்படத்திற்கு நேரடியாகப் பொருந்தும் வடிவம். அழுகை நின்ற கணத்தின் வலிமையை 46 ஆம் பாட்டு உணர்த்துகிறது. மெய்ப்பாடு காண்போரிடமே நிறைவுறுவது என்னும் கொள்கை, நடிக்கும் குழந்தையை வருத்தாமலே துயரைப் புலப்படுத்தும் உரிமையைப் படைப்பாளிக்கு வழங்குகிறது.

திருக்கோஷ்டியூரில் குழந்தையின் பிறப்பைக் கொண்டாடிய மரபு நீண்டது. அவ்வூரிலேயே தாயை இழந்த ஒரு குழந்தை, விளக்கொன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென நிற்கும் காட்சி தமிழில் இனி எழுதப்படவேண்டியது. தமிழ்த்துறைகளில் திரைக்கதை கற்கும் மாணவர்கள், கையறுநிலைப் பாடல்களைப் பாடநூற் பகுதியாக மட்டும் காணாது, காட்சி அமைப்பின் இலக்கணமாகவும் பயில்வார்களாயின் அதற்கு வழி பிறக்கும்.